பேஸ் கிட்டாரும் அதன் துணைக்கருவிகளும்

பாட்டுக் கேட்போர் பெரும்பாலும் பாடுவோரின் குரலையே பின்பற்றிச் செல்கின்றனர். பாட்டு முடிந்தபின் அவர்தம் நாவில் நின்று உலவுவதும் அக்குரலின் இன்னிசையே. அக்குரலுக்குக் கீழே, நிலத்தடி நீர்போல ஓடிக்கொண்டிருக்கும் மற்றோர் ஒலியைச் சிலரே உணர்ந்து கேட்கின்றனர். மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பி எழுப்பும் ஆழ்ந்த ஒலி இல்லையெனில் வலப்பக்கத்து ஒலி தனித்து நின்று வறிதாகும். அதுபோலவே, மேனாட்டு முறையில் அமைந்த இசைக்குழுவில் அடிநின்று தாங்கும் ஒலி இல்லையெனில் பாட்டு நிறைவு பெறாது. அவ்வொலியை எழுப்புவது பேஸ் கிட்டார் என்னும் தந்திக்கருவி. தமிழ்த் திரையிசையிலும் இதற்கு இடமுண்டு. 1976-ஆம் ஆண்டில் திரையுலகில் இசையமைக்கத் தொடங்கிய இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில், இக்கருவியின் ஒலியைத் தனியே தொடர்ந்து கேட்டு மகிழலாம்.

பேஸ் கிட்டாருக்குப் பொதுவாக நான்கு தந்திகள் உண்டு. வீணையைப் போலவே இதற்கும் தண்டியும், மெட்டுகளும், தந்தியை முறுக்கும் பிரடைகளும், தந்தியைத் தாங்கும் குதிரையும் அமைந்துள்ளன. ஆனால் வீணைக்குள்ள குடம் இதற்கு இல்லை. இதன் உடல் பெரும்பாலும் உள்ளீடற்றதாக இல்லாமல் திண்ணிய மரப்பலகையாகவே இருக்கும். ஆதலால், மீட்டிய தந்தியின் ஒலி பக்கத்து அறையில் இருப்பவர் செவிக்கும் எட்டாது. தந்திகளுக்கு அடியில் பதிக்கப்பட்ட காந்தச் சுருள், தந்தியின் அதிர்வை மெல்லிய மின்னோட்டமாக மாற்றுகின்றது. இசைஞர் ஆம்ப்ளிஃபையர் என வழங்கும் ஒலிபெருக்கி, அம்மின்னோட்டத்தைப் பெருக்கி, ஸ்பீக்கரின் வழியே மீண்டும் ஒலியாக்கித் தருகின்றது. எனவே, தந்தியும் ஒலிபெருக்கியும் இக்கருவிக்கு அணிகலன்கள் அல்ல. ஒலியின் தொடக்கம் தந்தி, முடிவு ஒலிபெருக்கி. இவ்விரண்டும் சேர்ந்தே கருவி முழுமை பெறுகின்றது.

இவ்வுண்மையை அறியாது தொடங்குவோர் பலர். இளைஞர் ஒருவர் தம் கையிலுள்ள பொருள் முழுவதையும் செலவிட்டுப் பளபளப்பான பேஸ் கிட்டார் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். ஒலிபெருக்கிக்குப் பணம் மிஞ்சவில்லை. வீட்டில் கிடந்த சிறு பெட்டி ஒன்றில் கருவியை இணைத்து மீட்டுகின்றார். கீழ்த்தந்தி பாடாமல் கரகரக்கின்றது. கருவியோடு வந்த பழைய தந்திகளோ துருவேறி விரலைக் கீறுகின்றன. நாள்தோறும் ஒரு மணி நேரம் முயன்றும் ஒலி தெளியவில்லை. சில திங்கள் சென்றதும் அவர், 'இசை எனக்கு வாய்க்கவில்லை' என்று கருவியைச் சுவரில் சாய்த்துவிடுகின்றார். பொருந்தாத் துணைக்கருவிகளின் குறையை அவர் தம் குறையாகக் கொண்டுவிட்டார். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம்; தம்மீது கொண்ட நம்பிக்கை போனால் மீட்பது அரிது. ஆகவே தொடக்கத்திலேயே தக்கவற்றைத் தேர்ந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

தக்கது எது என்று அறிவதற்கு, இக்கருவி தோன்றிய வரலாறு துணைசெய்யும். முற்காலத்து மேனாட்டு இசைக்குழுக்களில் அடியொலியைத் தந்தது டபுள் பேஸ் என்னும் பெரிய கருவி. அது நின்றுகொண்டு வாசிப்போரின் உயரத்தையும் விஞ்சியது. சுமந்து செல்வது கடினம். நடன அரங்குகளில் முரசும் ஊதுகருவிகளும் மின்கிட்டாரும் பெருகிய காலத்தில் அதன் ஒலி கூட்டத்தின் ஆரவாரத்தில் அமிழ்ந்தது. இக்குறையை நீக்க முயன்றோருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க். அவர் 1930-களிலேயே மின்னாற்றலால் ஒலிக்கும் பேஸ் ஒன்றைச் செய்தார்; ஆயினும் அது பரவவில்லை. பின்னர், 1951-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பயின்றவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். டபுள் பேஸில் மெட்டுகள் இல்லை; விரல் சற்றே விலகினாலும் சுருதி தவறும். புதிய கருவியிலோ மெட்டுகள் இருந்தமையால் சுருதி துல்லியமாக நின்றது. அத்துல்லியம் பற்றியே அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டனர்.

கருவி பிறந்தபின் அதற்கேற்ற ஒலிபெருக்கி வேண்டியதாயிற்று. 1952-இல் ஃபெண்டர் நிறுவனம், 15 அங்குல ஸ்பீக்கர் பொருந்திய பேஸ்மேன் என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்டதாக மாறியது. அதன் பெட்டியின் பின்புறம் திறந்திருந்தது. ஒலியை உயர்த்தியபோது அடியொலி தெளிவிழந்து சிதறியது. பேஸ் வாசிப்போருக்குக் குறையாகத் தோன்றிய அச்சிதறல், கிட்டார் வாசிப்போருக்கு இனிமையாகத் தோன்றியது. ஆகவே பேஸுக்கெனப் பிறந்த அவ்வொலிபெருக்கி கிட்டார்க் கலைஞர்களின் உடைமையாயிற்று. 1962-இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான புகழ்பெற்ற கிட்டார் ஒலிபெருக்கிக்கும் அதுவே முன்மாதிரியாக அமைந்தது. ஒரு பணிக்குக் குறையாவது மற்றொரு பணிக்கு நிறைவாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று. பெயரையோ புகழையோ கண்டு வாங்காமல், தம் பணிக்குப் பொருந்துமா என்று ஆராய்ந்து வாங்குதல் வேண்டும் என்பதையும் இது உணர்த்துகின்றது.

பேஸின் ஒலிக்கு மட்டும் இத்தனை ஆற்றல் தேவைப்படுவது ஏன்? இதற்கு விடை இயற்பியலில் உள்ளது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. ஏனைய மூன்றும் முறையே 55, 73, 98 முறை அதிர்கின்றன. சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 82 முறை அதிரும். அஃதாவது பேஸின் ஒலி அதனினும் ஒரு ஸ்தாயி கீழே நிற்கின்றது. 41 அதிர்வுடைய ஒலியின் ஓர் அலை, காற்றில் எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் உடையது. அத்தகைய அலையை எழுப்ப ஸ்பீக்கர் மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். 15 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு, 8 அங்குல ஸ்பீக்கரின் பரப்பைப்போல் மூன்றரை மடங்கு ஆகும். பெரிய ஸ்பீக்கர் அடியொலிக்கு உதவுவது இக்காரணம் பற்றியே.

மனிதச் செவியின் இயல்பும் இங்கே கருதத்தக்கது. தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் செவிக்குக் கூர்மை குறைவு. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்து வெளியிட்டனர். மேலொலியும் கீழொலியும் ஒரே உரப்பாகத் தோன்ற வேண்டுமாயின் கீழொலிக்கு மிகுந்த ஆற்றல் தந்தாக வேண்டும். அன்றியும், ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகத் தோன்றுவதில்லை. சற்றே உயர்ந்ததாகவே தோன்றும். ஒலி இரு மடங்காகத் தோன்ற ஆற்றலை ஏறத்தாழப் பத்து மடங்காக்க வேண்டும். எனவே 20 வாட் ஒலிபெருக்கிக்கும் 40 வாட் ஒலிபெருக்கிக்கும் இடையே செவியுணரும் வேறுபாடு சிறிது. 20 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையிலுள்ளதே பெரிது. கடைக்காரர் கூறும் எண்களைக் கேட்டு மயங்காதிருக்க இவ்வறிவு உதவும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'எங்கே வாசிக்கப் போகின்றேன்?' என்பது. வீட்டில் தனியே பயில்வதற்கு 15 முதல் 30 வாட் ஆற்றலும், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் உடைய பெட்டி போதும். ஒலிபெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்த இவ்வகையைக் காம்போ என்பர். முரசு வாசிப்பவரோடு சேர்ந்து பயிலத் தொடங்கினாலோ இச்சிறு பெட்டி போதாது. அதன் குமிழ்களை இறுதிவரை திருப்பினும் முரசின் ஒலியே மேலோங்கும். அப்போது குறைந்தது 100 வாட்டும், 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கரும் வேண்டும். சிறிய அரங்குகளுக்கு 200 முதல் 300 வாட் இருப்பின் நன்று. விரைவில் குழுவில் சேர எண்ணுவோர் சிறியதை வாங்கி மீண்டும் பெரியதை வாங்குதலினும், சற்றுப் பொறுத்திருந்து நடுத்தரமான ஒன்றை வாங்குதல் சிக்கனமாகும்.

பேஸுக்கெனச் செய்த ஒலிபெருக்கியையே வாங்க வேண்டும். கிட்டார் ஒலிபெருக்கியில் பேஸை மெல்ல ஒலித்தால் தீங்கில்லை. உரக்க ஒலித்தால் அதன் ஸ்பீக்கர் பழுதடையக் கூடும். அடியொலி, நடுவொலி, மேலொலி ஆகிய மூன்றையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் குமிழ்கள் இருத்தல் நலம். பிறர் துயிலும் நேரத்தில் பயிலக் காதணி ஒலிப்பானை இணைக்கும் துளையும் வேண்டும். அதனை அணிந்து பயிலும்போது ஒலியை அடக்கியே வைத்துச் செவியைக் காத்தல் கடமையாகும். பதிவு செய்த பாட்டோடு சேர்ந்து பயில வெளி ஒலியை உட்செலுத்தும் துளை மிகவும் பயன்படும்.

கடைக்குச் செல்வோர் இயன்றால் தம் பேஸையே எடுத்துச் செல்லுதல் வேண்டும். குமிழ்கள் அனைத்தையும் நடுவில் நிறுத்தி, மிகத் தடித்த தந்தியை மீட்டுக. தமக்கு வேண்டிய அளவு ஒலியை உயர்த்திய பின்னும் அவ்வொலி தெளிவாக நிற்கின்றதா என்று பார்க்க. பின்னர் ஒவ்வொரு மெட்டாக ஏறி இறங்குக. சில சுரங்கள் மட்டும் முழங்கிச் சில மங்கினால் அப்பெட்டி பொருந்தாது. ஆனால் பெட்டி அறையின் மூலையில் இருப்பின் அடியொலி மிகுந்து ஏமாற்றும். அதனை மூலையிலிருந்து விலக்கி வைத்துக் கேட்க வேண்டும். ஐந்தாறு அடி தள்ளி நின்று கேட்பதும் தேவை. காலடியில் உள்ள பெட்டி முழங்காலுக்குப் பாடுமேயன்றிச் செவிக்குப் பாடாது.

ஒலிபெருக்கியைத் தனியாகவும் ஸ்பீக்கர்ப் பெட்டியைத் தனியாகவும் வாங்குவோர் ஓம் என்னும் மின்தடை அளவை மறத்தலாகாது. நான்கு ஓமுக்குக் குறையலாகாது என்று எழுதிய ஒலிபெருக்கியில், எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகப் பொருத்தலாம். சேர்ந்து அவை நான்கு ஓம் ஆகும். மூன்றாவது பெட்டியையும் பொருத்தினால் தடை மேலும் குறைந்து ஒலிபெருக்கி சூடேறிப் பழுதாகும். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பழையவகை ஒலிபெருக்கியை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்குதல் கூடவே கூடாது.

எடையும் எண்ணத்தக்கதே. 1960-ஆம் ஆண்டில் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஃபிளெக்ஸ் என்னும் ஒலிபெருக்கி 25 வாட் அளவினதே. மூடிய பெட்டியும் 15 அங்குல ஸ்பீக்கரும் அதன் சிறப்புகள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் சிறு விடுதிகளுக்கும் அது போதுமானதாக இருந்தது. 1969-இல் பெரும் திறந்தவெளிக் கூட்டங்களுக்கென அதே நிறுவனம் 300 வாட் ஒலிபெருக்கியைச் செய்தது. ஸ்பீக்கர்ப் பெட்டியை விடுத்து ஒலிபெருக்கி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுடையது. இக்காலத்தில் அவ்வளவு ஆற்றலை இரண்டு மூன்று கிலோகிராம் எடையுள்ள கருவியே தருகின்றது. பேருந்தில் சென்று பயில வேண்டிய மாணவருக்கு இம்மாற்றம் பெரும் நன்மையாகும்.

அடுத்து ஆராய வேண்டுவது தந்தி. தந்தியில் இல்லாத தெளிவை எவ்வளவு விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் உண்டாக்க இயலாது. மிகத் தாழ்ந்த சுருதிக்கு வேண்டிய தடிப்பில் ஒரே கம்பியைப் பூட்டினால் அது கோல்போல் விறைத்து நன்கு அதிராது. ஆகவே மெல்லிய எஃகுக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் வேறு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகின்றனர். இதனால் எடை கூடும்; வளையும் தன்மை குறையாது. அச்சுற்றுக் கம்பியின் வடிவத்தைப் பொறுத்தே தந்தியின் இயல்பு அமைகின்றது.

உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியை ரவுண்ட்வவுண்ட் என்பர். அதன் ஒலி பிரகாசமானது. மீட்டும் விரலின் நுட்பமெல்லாம் அதில் வெளிப்படும். ஆனால் அது சொரசொரப்பானது. விரல் நகரும்போது கீச்சிடும். மெட்டுகளையும் மெல்லத் தேய்க்கும். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்குகளில் படிவதால், நாள்தோறும் வாசிப்போரிடம் அதன் பிரகாசம் சில வாரங்களிலோ திங்கள்களிலோ மங்கிவிடும். 1966-இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தார், தி ஹூ என்னும் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு கலந்து இவ்வகைத் தந்தியைச் செப்பம் செய்தபின், இது எங்கும் பரவியது.

தட்டையான நாடாபோன்ற கம்பி சுற்றிய தந்தியை ஃபிளாட்வவுண்ட் என்பர். அது விரலுக்கு வழுவழுப்பானது. ஒலி ஆழ்ந்து, கூர்மை குறைந்து, டபுள் பேஸின் ஒலியை ஒத்திருக்கும். விலை மிகுதி, எனினும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வகையும் உண்டு. சுற்றுக் கம்பி தூய துருவேறா எஃகாக இருப்பின் ஒலி கூர்மையாகும். நிக்கல் முலாம் பூசியதாக இருப்பின் ஒலியும் தொடு உணர்வும் சற்று மென்மையாகும்.

தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கொண்டு அளக்கின்றனர். 45, 65, 85, 105 என்பது பொதுவான வரிசை. 40, 60, 80, 100 என்பது மெலிந்த வரிசை. சுருதி கூட்டிய நிலையில் ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 16 முதல் 23 கிலோகிராம் எடையைத் தாங்குவது போன்ற இழுவிசையில் நிற்கின்றது. ஆதலால், தடிப்பை மாற்றினால் தண்டியின் வளைவும் மாறும். பழகிய தொழிலாளரைக் கொண்டு அதனைச் சரிசெய்தல் வேண்டும். விரல் நோகுமென்று அஞ்சி மிக மெலிந்த தந்தியை நாடுதலும் தவறே. தளர்ந்த தந்தி மெட்டுகளில் மோதிக் கலகலக்கும். தொடங்குவோருக்கு நிக்கல் முலாம் பூசிய ரவுண்ட்வவுண்ட் தந்தி, பொதுவான வரிசையிலோ மெலிந்த வரிசையிலோ, ஏற்றதாகும். பிழையை மறைக்காமல் காட்டும் தந்தியே பயில்வோருக்கு நல்லாசான். தந்தியின் நீளமும் கருவிக்குப் பொருந்த வேண்டும். குதிரைக்கும் தண்டியின் முடிவுக்கும் இடையே 34 அங்குலம் உள்ள கருவிகளே மிகுதி. 30 அங்குலம் உள்ள குறுங்கருவிகளுக்குத் தனித் தந்திகள் உண்டு.

தந்திகளை மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுதல் எளிது. பிரடையில் இரண்டு மூன்று சுற்று வருமளவு மிச்சம் விட்ட பின்னரே நுனியை வெட்ட வேண்டும். வாசித்து முடித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் தந்தியின் வாழ்நாள் நீளும். ஒரு துண்டுத் துணி ஒரு வரிசைத் தந்தியின் விலையைச் சேமிக்கின்றது.

இவற்றையெல்லாம் கேட்போர்க்கு, விலையுயர்ந்த கருவிகள் இருந்தாலன்றிச் சிறக்க முடியாதோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடையாக விளங்குகின்றது ஜேம்ஸ் ஜேமர்சனின் வாழ்க்கை. அவர் 1936-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்து, இளமையில் டெட்ராயிட் நகருக்குக் குடியேறினார். பள்ளியில் பயின்றது டபுள் பேஸ். பின்னர் மோட்டவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து பேஸ் கிட்டாரை ஏற்றார். 1964-இல் வெளிவந்த 'மை கேர்ள்' முதலாகப் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றின் அடியொலி அவருடையதே. அவரிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் தடித்த ஃபிளாட்வவுண்ட் தந்திகளைப் பூட்டி, அவை அறுந்தாலன்றி மாற்றாது வைத்திருந்தார். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். சிறு விடுதிகளில் அவர் வாசித்தது மேலே கூறிய போர்ட்டாஃபிளெக்ஸ் ஒலிபெருக்கியில்; ஒலிப்பதிவின்போது கருவியைப் பதிவுப் பொறியோடு நேரே இணைத்துக்கொள்வதே பெரும்பான்மை.

அவர் பழைய தந்திகளை வைத்திருந்தார் என்பது கொண்டு, துருவேறிய தந்தியே சிறந்தது என்று முடிவு செய்தல் பேதைமை. டபுள் பேஸில் உரமேறிய விரல்களுக்குத் தடித்த தந்தி எளிதாயிற்று. அவர் விரும்பிய ஆழ்ந்த ஒலிக்கு மங்கிய தந்தி பொருந்தியது. தம் கையையும், தம் இசையையும், தாம் வாசிக்கும் இடத்தையும் அறிந்து அவர் தேர்ந்தார். தேர்ந்தபின் அடிக்கடி மாற்றவில்லை. மாணவர் கொள்ள வேண்டுவது அவருடைய தந்தியை அன்று, அவருடைய தெளிவையே. பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் கருவி வாசித்தோரின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. 1983-இல் அவர் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் ராக் இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆகவே பேஸ் பயிலத் தொடங்குவோர் தம் பொருளைப் பங்கிட்டுச் செலவிடுதல் வேண்டும். கிட்டாரின் பளபளப்பில் சிறிது குறைத்து, அப்பொருளை ஒலிபெருக்கிக்கும் நல்ல தந்திக்கும் ஒதுக்குதல் அறிவுடைமை. பயன்படுத்திய ஒலிபெருக்கியை வாங்குவதும் இழுக்கன்று. குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு இல்லையா, ஸ்பீக்கரின் தாள் கிழியாதிருக்கின்றதா என்று பார்த்து வாங்கலாம். தெளிவாக ஒலிக்கும் சிறு பெட்டியும் விரலுக்கு இணங்கிய தந்தியும் அமைந்தால், அன்றன்று செய்த பிழை அன்றன்றே செவிக்குப் புலப்படும். புலப்பட்ட பிழை திருந்தும். பிழை திருந்தக் கண்ட மாணவர் கருவியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவதில்லை. மறுநாளும் எடுத்து மீட்டுவார்.